வழுக்கும் கல்லும் வாந்திபேதியும்

ஆனைகட்டியில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக ஓடும் கொடுங்கரைப்பள்ளத்தில் இறங்குகிறவர்கள் கல்லைப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். வழுக்கும். அந்த வழுக்கலில் பாசியோடு பாக்டீரியாவும் குடியிருக்கிறது. நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பசைக்குள் ஒடுங்கி வாழும் இந்த ஏற்பாட்டுக்கு அறிவியல் தந்த பெயர் உயிரிப்படலம்.

உணவாலும் நீராலும் பரவும் காலராக் கிருமியும் இப்படி ஒட்டி வாழ்வதுதான். அதைப் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1884-இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் நோயாளிகளின் குடலிலும், பின்னர் ஒரு குளத்து நீரிலும் காற்புள்ளிபோல் வளைந்த கிருமியைக் கண்டார். ஒற்றை வாலால் துள்ளி நீந்தும் உயிர் என்ற அந்தச் சித்திரம் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. மனிதக் குடலுக்கு வெளியே அது நெடுநாள் தங்காது என்றே பல தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். 1938-இல் ஆய்வாளர் ப்ரூஸ் வைட் சுருக்கம் விழுந்த காலராக் கிருமித் திட்டுகளை விவரித்தபோதும் அது ஆய்வகத்து விநோதமாகவே ஒதுங்கிக் கிடந்தது.

1970-களின் இறுதியில்தான் கதை திரும்பியது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் இக்கிருமியை நீரின் நிரந்தரக் குடியாகவே கண்டார். நண்டு, இறால், நுண்ணிய மிதவை உயிரிகள் ஆகியவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் அதற்கு வீடும் சோறும். 1978-இல் லூசியானாவில் நண்டு தின்ற 11 பேருக்குத் தொற்று உறுதியானது. 8 நிமிடம் வேகவைத்த நண்டிலும் கிருமி பிழைத்திருந்தது தெரிந்தபோது சமையற்கட்டும் ஆய்வுக்களமாயிற்று.

1992 அக்டோபரில் சென்னை ஒரு புதிரை எழுப்பியது. வாந்திபேதி நோயாளிகளிடம் கிடைத்த காலராக் கிருமி, அதுவரை அறிந்த 138 வகைகளில் எதற்கும் பொருந்தவில்லை. அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். பழைய வகையால் பெற்ற எதிர்ப்பாற்றல் இதனிடம் பலிக்காததால் பெரியவர்களும் வரிசையாகப் படுத்தார்கள். சில மாதங்களில் அது வங்காளதேசத்தை எட்டியது. 2001-இல் ஆய்வாளர் பவுலா வாட்னிக்கின் குழு இதே ஓ139-இல் ஒரு வேடிக்கையைக் கண்டது: வாலை இழந்த கிருமி பசையை மிகுதியாகச் சுரந்து சுருக்கத் திட்டாக மாறியது. வைட் பார்த்த விநோதத்துக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது. நீந்த முடியாதபோது குடியேறிவிடுகிறது. அப்படிப் பசைக்குள் புகுந்ததைக் குளோரின் எளிதில் தொடுவதில்லை என்பது 1993-லேயே தெரிந்திருந்தது.

ஒட்டி வாழும் இந்தக் குணமே அதைப் பிடிக்கும் வழியாகவும் ஆனது. தனிக் கிருமி மூன்று மைக்ரானுக்கு மேல் நீளாது. எந்தத் துணியிலும் நுழைந்துவிடும். மிதவை உயிரியைப் பற்றிக்கொண்டிருப்பதோ மடித்த புடவையில் சிக்கிக்கொள்ளும். கோல்வெல், அன்வர் ஹக் ஆகியோர் வங்காளதேசத்தின் 65 கிராமங்களில் சோதித்து 2003-இல் வெளியிட்ட முடிவு: பழைய புடவையை மடித்து நீரை வடிகட்டியதில் காலரா 48 சதவீதம் குறைந்தது. புதுப்புடவையைவிடக் கட்டிக் கட்டி நைந்துபோனதே மேல். பலமுறை துவைத்ததில் இழை பிரிந்து துணியின் கண்கள் சிறுத்துவிடுகின்றன. ஐந்தாண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது 31 சதவீதப் பெண்கள் இன்னும் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள்.