129 வருட இலவசம்

இன்டர்நெட்டுக்கு அடித்தளமான டிசிபி/ஐபியை வின்ட் செர்ஃபோடு சேர்ந்து வடிவமைத்தவர் பாப் கான். இன்டெலை வளர்த்தெடுத்தவர் ஆண்டி குரோவ். ரெண்டு பேரும் 1960-ல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கியது ஒரே இடத்தில்: நியூயார்க் சிட்டி காலேஜ். அப்போது அங்கே பகல்நேர மாணவர்களுக்குக் கல்விக்கட்டணமே கிடையாது. அமெரிக்காவில் இன்ஜினியரிங் படிப்பு இலவசமா? எனக்கும் முதலில் நம்பிக்கை வரல.

1847-ல் நியூயார்க் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட 'ஃப்ரீ அகாடமி'தான் பிற்பாடு சிட்டி காலேஜ் ஆனது. செலவு நகரத்தின் வரிப்பணம். 1961-ல் நகரக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து சிட்டி யுனிவர்சிட்டி ஆயின.

ஃபீஸ் இல்லையே தவிர, உள்ளே நுழைய நல்ல மார்க் வேணும். நகரில் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மக்கள் பெருகிய பிறகும் வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள்தான். 1969-ல் அந்த மாணவர்கள் சிட்டி காலேஜ் வளாகத்தை ஆக்கிரமித்துப் போராடினார்கள். 1970 முதல், நகரில் பள்ளி முடித்த எல்லோருக்கும் இடம் என்று விதி மாறியது. முதலாண்டு மாணவர்கள் சுமார் 20,000-லிருந்து 35,000 ஆனார்கள்.

1975-ல் நகரமே திவாலாகும் நிலை. 1976 மே கடைசியில் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் பல்கலைக்கழகத்தையே சுமார் இரண்டு வாரம் மூடினார்கள். அந்த வருடமே கட்டணம் வந்துவிட்டது.

'எல்லோரும் உள்ளே வந்ததும் ஃபீஸ் போட்டுட்டாங்க' என்ற கோபம் இன்றும் உண்டு. கவர்னர் ராக்ஃபெல்லர் 1960-களிலேயே கட்டணம் கேட்டு நெருக்கியவர் என்பதால், அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 1930-களின் பெருமந்தத்தில்கூட வராத கட்டணம் இது என்பதையும் மறக்கக் கூடாது.

மானியம் அதோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. கைதான் மாறியது. முன்பு பணம் கல்லூரிக்குப் போனது. மாணவர் வந்து உட்கார்ந்தால் போதும். பிறகு மாநில அரசின் உதவித்தொகையாக மாணவருக்கு வந்தது. அதற்கு விண்ணப்பம் போடணும், குடும்ப வருமானம் காட்டணும், முழுநேரம் படிக்கணும். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரம் படித்தவர்களுக்கு அது கிடைக்கல. மாணவர் எண்ணிக்கை பல்லாயிரக்கணக்கில் சரிந்தது.

2005-ல் குரோவ் தன் கல்லூரிக்கு 2.6 கோடி டாலர் கொடுத்தார். அங்குள்ள இன்ஜினியரிங் பிரிவுக்கு இப்போது அவர் பெயர்தான். 1976-ல் பாதியில் நின்றவர்களில் இன்னொரு குரோவ் இருந்தாரா என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தேட முடியாது.