ஆற்றில் போட்டது குழாயில் வந்ததா?

போன ஆடி மாசம் அக்கா வீட்டில் சின்னவனுக்கு மஞ்சக்காமாலை. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள். அக்கா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டது. முந்திரித் தோப்பு வேலையை அப்படியே விட்டுட்டு விருத்தாசலத்துக்கு ஓடினேன். டாக்டர் பையனைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"வீட்ல கர்ப்பமா யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். அக்காவோட பெரிய பொண்ணு. ஏழாம் மாசம். வளைகாப்பு முடித்துத் தாய் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

தண்ணி வழியாகப் பரவுகிற காமாலையில் ஒரு வகை இருக்கிறதாம். பையனுக்கு வந்தால் சில வாரம் ஓய்வில் சரியாகிவிடும். கடைசி மாதங்களில் இருக்கிற கர்ப்பிணிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு ராத்திரியே பொண்ணை எங்க ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம். கிராமத்துத் தண்ணி சுத்தம் என்ற நம்பிக்கையில் இல்லை. எங்க வீட்டிலும் கொதிக்க வைத்த தண்ணிதான் கொடுத்தோம்.

மாமாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "குழாய்த் தண்ணி பளிங்கு மாதிரி வருது. நாங்க எல்லாரும் இதைத்தான் குடிக்கிறோம். இதுல என்னடா கெட்டுப் போச்சு?" என்று கேட்டார். அவருக்குப் பதில் தேடி நான் படித்ததும் விசாரித்ததும்தான் இந்தப் பதிவு.

விருத்தாசலம் என்றதும் உங்களில் பலருக்குப் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் பொம்மையும் ஞாபகம் வரும். எனக்கு முதலில் வருவது மணிமுத்தாறு. கல்வராயன் மலையில் பிறந்து, கோயிலை ஒட்டி ஓடி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிற ஆறு. சுந்தரர் கதை தெரியும்தானே? இறைவன் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தாராம். பலரும் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். போடுவதற்கு முன்னால் சுந்தரர் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியாக்கினாராம். சாமி கொடுத்த பொன்னுக்கே, போட்ட இடத்தில் ஒரு மாதிரி, எடுத்த இடத்தில் ஒரு சோதனை.

எங்க பாட்டி காலத்தில் கோடையில் ஆற்று மணலில் ஊத்து தோண்டுவார்கள். இரண்டு முழம் தோண்டினால் தண்ணி கசியும். முதலில் கலங்கலாக வருவதை இறைத்து ஊற்றிவிட்டு, தெளிந்த பிறகு கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் நிரப்புவார்கள். மணல் வடிகட்டும் என்பது அந்தப் பொம்பளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர்கள் கையில் இருந்த சோதனை இரண்டுதான். கண்ணுக்குத் தெளிவா, நாக்குக்கு ருசியா? மாமா சொல்லுகிற பளிங்குக் கணக்கும் அதேதான்.

அந்தக் கணக்கு தப்பு என்று உலகம் கற்றுக்கொள்ள நிறைய உயிர் போயிருக்கிறது. 1854-இல் லண்டனில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா. அங்கே இருந்த அடிபம்பு தண்ணிதான் காரணம் என்று ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாக விசாரித்துச் சொன்னார். அவர் கணக்கில் ஒரு விதவை அம்மா வருகிறார். அந்தத் தெருவை விட்டுப் போய் ஊருக்கு வெளியே ஹாம்ஸ்டெட்டில் இருந்தவர். பழைய தெருத் தண்ணியின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தார். காலராவில் செத்தும் போனார்.

1892-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்தே இருந்த ஆல்டோனா ஊரில் பாதிப்பு மிகக் குறைவு. இரண்டு ஊருக்கும் ஒரே எல்ப் ஆறுதான். அதிலும் ஆல்டோனாக்காரர்கள் எடுத்தது, ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகு வருகிற தண்ணி. ஆனால் அவர்கள் மணல் படுகையில் மெதுவாக வடிகட்டிக் கொடுத்தார்கள். ஹாம்பர்க் அப்படியே கொடுத்தது. நம்ம பாட்டிகளின் ஊத்து வேலையை ஒரு நகரமே செய்து தப்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருக்கிறவர்களுக்கு உங்க ஊர்க் கதையும் உண்டு. 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணி கொண்டுவந்தார்கள். பெரிய சாதனை. ஆனால் வந்தது திறந்த மண் வாய்க்கால் வழியாக, வடிகட்டாமல். வழியில் எது விழுந்தாலும் அதுவும் சேர்ந்து குழாய்க்குப் போகும். மூடின கால்வாயும், கீழ்ப்பாக்கத்து மணல் வடிகட்டிகளும் முழுதாக வேலைக்கு வந்தது 1914-இல். நாற்பது வருஷத்துக்கு மேலே, ஏரியில் போட்ட பொன் மாற்று குறைந்துதான் பட்டணத்துக்கு வந்திருக்கிறது.

எங்க பக்கத்துத் தண்ணியின் பெரிய பங்கு பூமிக்கு அடியில் இருக்கிறது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் நெய்வேலியில், 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் ஆரம்பித்து, 1957-இல் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே பெரிய தொல்லை தண்ணிதான். நிலக்கரிக்குக் கீழே ஒரு நீர்மட்டம் பயங்கர அழுத்தத்தில் இருக்கிறது. அதை ராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும்.

இதை எதற்குச் சொல்லுகிறேன் என்றால், அழுத்தத்தில் இருக்கிற தண்ணி வெளியேதான் தள்ளும், எதையும் உள்ளே விடாது. ஒரு குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால், விரிசல் இருந்தாலும் தண்ணிதான் வெளியே பீச்சும். அழுத்தம் போன நேரத்தில்தான் வெளியே இருக்கிறது உள்ளே வரும். நம்ம டவுன்களில் குழாயில் தண்ணி வருவது நாளைக்குச் சில மணி நேரம். மீதி நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. அதை மனசில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

மேல்நிலைத் தொட்டி வந்த பிறகு நமக்குக் காவல் பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய நாலு கிராம் என்று டேங்க் ஆபரேட்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணியைத் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். பவுடர் மூட்டை ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த மிச்சம் வழித்துணைக்குப் போகிற ஆள் மாதிரி. வழியில் அழுக்கு சேர்ந்தால் அதோடு சண்டை போட்டுத் தீர்ந்துபோகும். மிச்சமே இல்லையென்றால், வழியில் ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

குளோரினுக்கும் எல்லை உண்டு. 1955 கடைசியில் டெல்லியில் நஜஃப்கர் சாக்கடைத் தண்ணி யமுனையில் குடிநீர் எடுக்கிற இடம் வரைக்கும் ஏறிவிட்டது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு, வயிற்றுப்போக்கு கிளம்பவில்லை. ஆனால் அடுத்த சில வாரத்தில் 29,000 பேருக்கு மேல் காமாலை. கர்ப்பிணிகள்தான் அதில் அதிகம் பலியானார்கள். அன்றைக்குச் சேர்த்து வைத்திருந்த ரத்தத்தை 1980 வாக்கில் சோதித்தபோதுதான் அது வழக்கமான காமாலைக் கிருமி இல்லை என்று தெரிந்தது. ஹெபடைடிஸ் ஈ என்ற பெயர் பிறகு வந்தது. டாக்டர் எங்களிடம் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இவ்வளவு சாவு இருக்கிறது.

"பீங்கான் ஊருல இருந்துக்கிட்டு ஒரு கேண்டில் பில்டர் வாங்கலையா?" என்று அக்காவைக் கேட்டேன். எங்க ஊர்ச் சூளைகளில் டீ கப்பும், ஃப்யூஸ் கேரியரும், கொலு பொம்மையும் வேகிறதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். களிமண்ணைச் சுட்டால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். மேலே கிளேஸ் பூசிச் சுட்டால் அடைந்துவிடும், அது கப். பூசாமல் விட்டால் தண்ணி மட்டும் கசியும், அது பில்டர். 1884-இல் பாரிசில் பாஸ்டரிடம் வேலை பார்த்த ஷாம்பர்லான் பூசாத பீங்கானில் ஒரு குழல் செய்து, பாக்டீரியாவையே தடுத்துக் காட்டினார். 1892-இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி நோய் வந்த புகையிலைச் சாற்றை அதே மாதிரிக் குழலில் வடிகட்டினார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. பீங்கான் துளையிலும் நுழைகிற ஒன்று இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிய ஆரம்பித்தது அப்படித்தான். அதுதான் வைரஸ். காமாலைக் கிருமியும் அந்த ஜாதி. ஆகவே கேண்டில் நல்லதுதான், ஆனால் இதற்கு அதை மட்டும் நம்ப முடியாது. தளதளவென்று கொதித்த தண்ணியில் அது பிழைக்காது.

மாமா வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தது. மிஷின் விற்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போனது. "முன்னூறுதான்டா காட்டுது, ஐநூறு வரைக்கும் நல்ல தண்ணி" என்றார். உண்மைதான். ஆனால் அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கிற உப்பை. ஒரு சொட்டுச் சாக்கடை விழுந்தால் முள் அசையாது. பாட்டிக்குக் கண்ணும் நாக்கும், மாமாவுக்கு மீட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு நாள் கழித்துக் குளோரின் பார்க்கிறவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயோடு வந்தார். தெருக் குழாயில் தண்ணி பிடித்து மருந்து இரண்டு சொட்டு விட்டார். மஞ்சளாச்சு. பக்கத்து வீட்டிலும் மஞ்சள். எங்க அக்கா வீட்டுக் குழாயில் பிடித்தார். நிறமே மாறவில்லை.

தெருவிலிருந்து வீடு வரைக்கும் இருபதடி. தோண்டிப் பார்த்தோம். வீடு கட்டினபோது காசு மிச்சம் பிடிக்க, இணைப்புக் குழாயைத் தெருச் சாக்கடைக்குள்ளேயே போட்டிருந்தார்கள். ஜாயின்ட் விட்டுப்போய், அதன் மேலே சைக்கிள் ட்யூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தது. போதாததற்கு, தண்ணி மெதுவாக வருகிறது என்று மாமா குழாயிலேயே நேரடியாக மோட்டார் மாட்டியிருந்தார். மோட்டார் போட்டால் குழாய் உறிஞ்சும். மேலிருந்து தண்ணி பத்தவில்லையென்றால், கிடைக்கிற ஓட்டை வழியாகச் சாக்கடையை உறிஞ்சும். வெறும் குழாய் செய்கிற கெடுதலை நாமே கரண்ட் செலவு பண்ணிச் செய்துகொண்டிருந்தோம்.

மாமா அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "என் பேரப்புள்ளைக்கு நானே..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. மோட்டாரை அன்றைக்கே கழற்றினார். குழாயைச் சாக்கடைக்கு மேலே, இரும்பு உறைக்குள் விட்டுக் கொண்டுவந்தோம். கீழே ஒரு சம்ப் கட்டி, தண்ணி தானாக வந்து விழுந்த பிறகு அதிலிருந்து மேலே ஏற்றுகிறோம்.

பையன் ஆறு வாரத்தில் தேறிவிட்டான். பொண்ணுக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும், பிரசவம் வரைக்கும் எங்க வீட்டில்தான் வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் பெண் குழந்தை பிறந்தது.

நகரத்தில் இருக்கிற நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்க வீட்டு இணைப்புக் குழாய் தெருவிலிருந்து எந்த வழியாக வருகிறது என்று ஒருதரம் நடந்து பாருங்கள். சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள். குளோரின் பார்க்கிற கிட் விலை அதிகமில்லை. தெருவில் ஒருதரம், வீட்டில் ஒருதரம் பாருங்கள். இரண்டும் ஒரே மஞ்சளாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். சுந்தரர் பொன்னுக்குச் செய்ததுதான்.