வடிவு மாறாமல் அளவு மாற்றும் கருவி

எங்கள் கோம்பையில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் ஒரு மதில்போல் எழுந்து நிற்கும். அதன் முகட்டுக்கு அப்பால் முன்னாளில் திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்தது. வார்டு, கானர் என்னும் கும்பினிப் படை அதிகாரிகள் இருவர், 1816 முதல் 1820 வரை அச்சமஸ்தானத்தையும் கொச்சியையும் அளந்தனர். இத்தகைய அளவைகளில், காட்டிலும் மேட்டிலும் அலைந்து வரைந்த பெரிய தாள்களைச் சுருக்கி ஒன்றோடொன்று இணைத்தால்தான் நாட்டின் படம் கிடைக்கும். மலையேறியவர் பெயர் நூல்களில் நிற்கிறது; மேசைமீது குனிந்து சுருக்கியவர் பெயரைக் காண்பது அரிது. அத்தகையோர் கையாண்ட கருவிகளுள் ஒன்றுதான் பாண்டோகிராப்.

நான்கு சட்டங்களை ஓர் இணைகரமாக ஆணியால் பிணைத்தால் அக்கருவி ஆயிற்று. ஒரு முனை மேசையில் அசையாது நிற்கும். மற்றோரிடத்தில் ஊசியும், இன்னோரிடத்தில் பென்சிலும் பொருத்தப்படும். சட்டங்கள் எப்படி விரிந்தாலும் சுருங்கினாலும் இம்மூன்றும் ஒரே நேர்க்கோட்டிலேயே இருக்கும். நிலைமுனையிலிருந்து ஊசியின் தூரத்தைப்போல் பென்சிலின் தூரம் நான்கு மடங்காயின், ஊசி தடவிச் செல்லும் படம் நான்கு மடங்கு பெரிதாக விழும். ஊசியையும் பென்சிலையும் இடம் மாற்றினால் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். நீங்கள் வகுப்பில் படிக்கும் ஒத்த முக்கோணங்கள்தாம் இங்கே மரத்தில் நடமாடுகின்றன.

இதனை 1603-இல் அமைத்தவர் கிறிஸ்தோப் ஷைனர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். சூரியனின் கரும்புள்ளிகள் குறித்துக் கலிலியோவோடு வாதிட்டவரும் இவரே. ஓவியர் ஒருவர் தம்மிடம் அத்தகைய கருவி உண்டென்று பெருமை பேசி, மர்மத்தை மட்டும் சொல்ல மறுத்தாராம். ஷைனர் தாமே சிந்தித்துக் கண்டுபிடித்து, 1631-இல் ரோமாபுரியில் நூலாக வெளியிட்டு உலகுக்கே சொல்லிவிட்டார். ஆசிரியத் தொழில் செய்தவனாதலால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம் உண்டு. மின்சார ரயிலின் கூரைமேல் மடங்கி விரியும் அமைப்புக்கும், உருவ ஒற்றுமையால் இப்பெயரே வழங்குகிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளிப்படத்தால் படியெடுக்கும் முறை பரவி இக்கருவியின் வேலையைப் பெரும்பாலும் வாங்கிக்கொண்டது. ஆயினும் பள்ளிக்கூடங்களில் மரப் பாண்டோகிராப் நெடுங்காலம் இருந்தது. அதனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியின் விளையாட்டுத் திடலுக்குச் சுவர் எழுப்ப எண்ணினோம். திடலை அடுத்து ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் ஒரு விதவைத் தாயின் புஞ்சை. எல்லை எதுவென்று தெளிவில்லை. நான் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான படத்தை எடுத்து, அதிலிருந்த ஓடையை நான்கு மடங்காகவும், அதனை மீண்டும் நான்கு மடங்காகவும் பெருக்கினேன். மைலுக்குப் பதினாறு அங்குலமுள்ள கிராமப் படத்தின் அளவு வந்துவிட்டது. அதன்படி அந்த அம்மையாரின் கிணறே பள்ளிக்குச் சொந்தம்! தலைமையாசிரியர் வரைந்த படம் என்பதால் ஊரில் எவரும் மறுத்துப் பேசவில்லை.

மறுத்தவர் சர்வேயர் ஒருவரே. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, மூலப் படத்தில் ஓடைக்கோட்டின் தடிப்பு எவ்வளவு?" என்று கேட்டார். அரை மில்லிமீட்டர் இருக்கும் என்றேன். கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். ஆகவே அந்தக் கோட்டின் தடிப்பே தரையில் 32 மீட்டர், அதாவது நூறு அடிக்கு மேல்! மூலத்தில் இல்லாத நுணுக்கத்தைக் கருவி எங்கிருந்து கொண்டுவரும்? சுருக்கும்போது கைநடுக்கம் மறையும். பெருக்கும்போது அதுவும் சேர்ந்து பெருகும். கணிதம் கற்பித்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

பின்னர்ப் புலப்படத்தை வைத்துச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். புதருக்குள் புதைந்திருந்த எல்லைக்கல் வெளிப்பட்டது. கிணறு அந்த அம்மையாருடையதே. நான் அவர் வீட்டுக்குச் சென்று என் பிழையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "கல்லு அங்கனதான் கிடக்குன்னு எனக்குத் தெரியும் சார், யாரும் கேக்கலையே" என்றார்.