மில்லு வெளிச்சமும் மெலட்டோனினும்

எங்க களக்காட்டுப் பக்கம் ஒரு பொம்பளைக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சா போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க. அந்த வரிசையில இப்போ மெலட்டோனின் மாத்திரையும் சேர்ந்தாச்சு. அது என்னதான்னு பார்க்கப் போனா, கதை நம்ம ஊரு பஞ்சு மில்லு வரைக்கும் வருது.

1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர்னு ஒரு தோல் டாக்டர், மாட்டு மூளையில் இருக்கும் பீனியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரிச்செடுத்தார். அவர் தேடினது தோல் நிறம் சம்பந்தப்பட்ட நோய்க்கு மருந்து. அதுக்கு இது உதவலை. ஆனா இருட்டினா சுரக்கும், வெளிச்சம் பட்டா நின்னுபோகும்கிற இதோட குணம் பிற்பாடு தெரிஞ்சுது.

1978-ல் மூணு ஆராய்ச்சியாளர்கள், பீனியல் சுரப்பு குறைஞ்சா ஈஸ்ட்ரோஜன் தாக்கம் கூடி மார்பகப் புற்று வரலாமோன்னு எழுதினாங்க. 1987-ல் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ், ராத்திரி மின்விளக்கு மேலேயே சந்தேகத்தைத் திருப்பினார்.

2005-ல் டேவிட் பிளாஸ்க் குழு செஞ்ச சோதனைதான் என்னை உலுக்கினது. எலிகள்ல வளர்த்த மனித மார்பகப் புற்றுக் கட்டிக்குள்ள பெண்களோட ரத்தத்தைச் செலுத்தினாங்க. நடு ராத்திரி இருட்டில் எடுத்த ரத்தம் கட்டியோட வளர்ச்சியை அடக்குச்சு. அதே ராத்திரியில வெளிச்சத்துல உட்கார வச்சு எடுத்த ரத்தம் அடக்கலை!

சரி, சிகிச்சை? இத்தாலியின் லிசோனி 1995-ல், டமாக்சிஃபென் கைவிட்ட 14 பெண்களுக்கு அதோட மெலட்டோனினும் சேர்த்துக் கொடுத்தார். 4 பேருக்குக் கட்டி ஓரளவு சுருங்குச்சு. நம்பிக்கை தர்ற சேதிதான், ஆனா 14 பேரை வச்சு ஊருக்கே மருந்து எழுத முடியாதுல்ல? 2014-ல் அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில், ராத்திரி மங்கல் வெளிச்சத்தில் இருந்த எலிகளுக்கு டமாக்சிஃபென் வேலை செய்யலை; மெலட்டோனின் கொடுத்ததும் திரும்ப வேலை செஞ்சுது. அது எலி, நாம மனுஷங்க.

இப்போ நம்ம மண்ணுக்கு வருவோம். 1880கள்லயே பாபநாசத் தண்ணியை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில்லு வந்துட்டு. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம். தாமிரபரணி வெளிச்சமா மாறினது அப்படித்தான். 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களை ராத்திரி வேலைக்கு விடலை. 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம், அது பெண்களுக்கு எதிரான பாகுபாடுன்னு சொல்லி அந்தத் தடையை ரத்து பண்ணுச்சு. உரிமைன்னு பார்த்தா சரிதான். தென்மாவட்டப் பொண்ணுங்க எத்தனையோ பேர் கோயம்புத்தூர், திருப்பூர் மில்லுகள்ல நைட் ஷிப்ட் பார்த்தாங்க.

2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, நைட் ஷிப்ட் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்குன்னு வகைப்படுத்துச்சு. எல்லா ஆய்வும் ஒத்துக்கலை. 2016-ல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்வு தொடர்பே இல்லைன்னுச்சு. ஆனா 2019-லயும் அந்த அமைப்பு அதே வகையில்தான் வச்சுது. டென்மார்க்கில் பல வருஷம் ராத்திரி வேலை பார்த்து மார்பகப் புற்று வந்த கிட்டத்தட்ட 40 பெண்களுக்கு 2009 வாக்கில் நஷ்டஈடே கிடைச்சுது.

அங்க நஷ்டஈடு. இங்க "எத்தனை வருஷம்மா நைட் ஷிப்ட் பார்த்தே?"ன்னு ஒரு கேள்வியாவது கேட்கிறோமா? மாத்திரை வாங்கிக் கொடுக்கிறதுக்கு முன்னால அதைக் கேட்கணும்னுதான் எனக்குத் தோணுது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொன்ன சிகிச்சையை விட்டுட்டு மெலட்டோனினை நம்பி யாரும் உட்கார்ந்துராதீங்க. சேர்த்துச் சாப்பிடணும்னாலும் அவர்கிட்டயே கேளுங்க.