கண்மாயை அளந்த பின் கடவுச்சீட்டு: மதுரைச் சமவெளியின் புவியியல் மாணவரும் அயல்நாட்டு உயர்கல்வியும்

மதுரையிலோ அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலோ இருந்து புவியியல் படிக்க வந்த மாணவர் ஒருவர், வெளிநாட்டில் முதுகலை படிக்க வேண்டும் என்று சொன்னதும் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ‘எந்த நாடு?’ என்பது. அடுத்தது, ‘எவ்வளவு கடன் கிடைக்கும்?’. பிறகு ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண், தரவரிசைப் பட்டியல், விசா என்று வரிசை நீளும். எதைப் படிக்கப் போகிறார், எதற்காகப் படிக்கப் போகிறார் என்ற கேள்வி எஸ்.ஓ.பி. எனும் நோக்க அறிக்கையை எழுத உட்காரும் வாரத்தில்தான் தலைகாட்டுகிறது. அதற்கும் கன்சல்டன்சியில் ஆயத்தமாக ஒரு மாதிரி இருக்கும். பெயரை மாற்றினால் போதும். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பொறியியலுக்கோ மேலாண்மைக்கோ இது ஒருவேளை ஒத்துவரலாம், புவியியலுக்கு ஒத்துவராது. தான் வளர்ந்த நிலமே புவியியல் மாணவரின் முதல் ஆய்வுக்களம். அந்த நிலத்தில் எழும் கேள்வி, எந்த ஆய்வுமுறை தேவை என்பதைக் காட்டும். ஆய்வுமுறை துறையைக் காட்டும், துறை நாட்டைக் காட்டும், செலவுக் கணக்கு அதற்குப் பின்னால் வரும்.

மதுரைக்கு வெளியிலிருந்து படிக்க வந்தவர்கள் இந்த வரிசையைத்தான் பின்பற்றினார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் நாட்டில் தங்கிச் செய்த களஆய்வு 1957இல் நூலாயிற்று. டேவிட் மோஸ் 1980களில் இராமநாதபுரச் சீமையில் தொடங்கிய களப்பணியின் தொடர்ச்சியாக, கண்மாய்ப் பாசனத்தின் அதிகார வரலாற்றை 2003இல் நூலாக வெளியிட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் நடத்திய இந்தியக் கல்வியாண்டுத் திட்டத்தில் மதுரை ஒரு மையம். அந்த மாணவர்கள் அமெரிக்காவிலேயே தமிழ் தொடங்கிவிட்டு, இங்கே வந்து ஆளுக்கொரு களஆய்வை முடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு நிதி இருந்தது, நம் மாணவருக்கு இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நிதி அவர்களுக்குச் சும்மா வரவில்லை; கேள்வியை முன்வைத்த பிறகே வந்தது. கேள்வியோடு வருகிறவரை வரவேற்கப் பழகிய ஓர் ஊர், தன் பிள்ளைகளை மதிப்பெண்ணோடு மட்டும் அனுப்பிவைப்பது விந்தைதான்.

கேள்வி என்று இங்கே எதைச் சொல்கிறோம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. மதுரைச் சமவெளியில் அவை சங்கிலியாகத் தொடுத்தவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். அந்தக் கற்களின் இடைவெளியை மண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்தால் நீர்மட்டம் ஒரு சாண், இரண்டு சாண் ஏறும். அந்த இரண்டு சாணில் மேல் கண்மாய்க்காரருக்குக் கடைசி நேரத்தில் இன்னொரு தண்ணீர் கிடைக்கும். கீழ்க் கண்மாய்க்கு மறுகால் தாமதமாகும். உள்வாயில் நிலம் வைத்திருப்பவரின் பயிர் மூழ்கும். இதே கண்மாயைச் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில் பார்த்தால், ஒவ்வொரு கட்டமும் 10 மீட்டர் அகலம். நீர்ப்பரப்பு எவ்வளவு விரிந்தது என்பது துல்லியமாகத் தெரியும், கற்களுக்கு நடுவே யார் மண் வைத்தார் என்பது தெரியாது. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம், சென்டினல் படங்களும் இலவசம், கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இலவசம். ஆகவே நீர்ப்பரப்பை வரையக் கற்றுக்கொள்வதற்காக ஒரு குடும்பம் பல லட்சம் கடன் வாங்க வேண்டியதில்லை. அதை மதுரையில் ஒரு கணினி முன் அமர்ந்தே கற்கலாம். வெளிநாடு போவதற்கு நியாயம் தருவது, இங்கே கற்க முடியாத ஏதோ ஒன்று.

அந்த ஒன்று எது என்பது, கலுங்கைப் பார்த்து மாணவர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. கலுங்குக்கும் கண்மாய்ப் படுகைக்கும் உள்ள உயர வேறுபாட்டை நுட்பமாக அளக்க வேண்டும் என்றால் அது நிலஅளவையும் தொலையுணர்வும் சார்ந்த கேள்வி. அதற்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 1950இல் தொடங்கி, பின்னர் என்ஸ்கெடேக்கு மாறிய ஐ.டி.சி. நிறுவனம் (2010 முதல் ட்வென்டெ பல்கலைக்கழகத்தின் அங்கம்) பொருத்தமானது. ஆனால் அதன் மாதிரியில் டச்சுக்காரர்களின் ஒத்துழைப்போடு 1966இல் டேராடூனில் உருவானதுதான் இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். என்ஸ்கெடேக்கு விண்ணப்பிக்கும் முன் டேராடூனைப் பார்க்காதவர் திட்டமிட்டவர் ஆகமாட்டார். ஒரு கண்மாயில் அடைத்தால் மூன்றாவது கண்மாய்க்கு எத்தனை நாள் தாமதம் என்று கேட்டால் அது நீரோட்ட மாதிரியாக்கம், டெல்ஃப்ட்டின் ஐ.எச்.இ. நீர்க்கல்வி நிறுவனம் நினைவுக்கு வர வேண்டும். கற்களை அடைக்கும் உரிமை யாருக்கு, அந்த உரிமை எப்படி வந்தது என்று கேட்டால் அது மானிடப் புவியியல். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனம் 1962இல் தொடங்கியது. அதற்குள் புவியியல் துறையும் உண்டு, தமிழும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. இன்னொரு வாய்ப்பை நம் ஆலோசகர்கள் யாரும் சொல்வதில்லை. இலங்கையின் வறண்ட வலயத்துக் குளத் தொடர்களை ஒரு முழு அமைப்பாக 1985இல் வரையறுத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் மத்தும பண்டார. நம் கண்மாய்ச் சங்கிலியை ஒப்பிட்டுப் படிக்க அதைவிட நெருங்கிய அயல்நாடு கிடையாது. தேம்ஸ் கரையில் இருந்தால்தான் அயலகம் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

நிலத்திலிருந்து திட்டமிடுவதன் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது நாட்காட்டியில்தான். பிரிட்டனின் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் ஆய்வேடு எழுத வேண்டும். மதுரைச் சமவெளிக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. ஆய்வேட்டு மாதங்களோடு இது பொருந்துவதில்லை. பெரியாறு பாசனத்திலும் இதே சிக்கல். பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்கு, அணையில் இருப்பு இருந்தால், ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். மேலூர், திருமங்கலம் பகுதிகளின் 1,05,002 ஏக்கர் ஒருபோக நிலத்துக்குச் செப்டம்பர் நடுவில்தான் முறை. ஆக, லண்டனிலிருந்து ஜூலையில் களஆய்வுக்கு மேலூர் வரும் மாணவர் காய்ந்த கண்மாயையும் சீமைக்கருவேலத்தையும்தான் பார்ப்பார். கலுங்கில் தண்ணீர் புரளும்போது அவர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பார். இதனால் பிரிட்டன் கூடாது என்றாகாது. காய்ந்த படுகையில் உயரம் அளக்கலாம், வண்டல் எவ்வளவு படிந்தது என்று கணக்கிடலாம். கோடைதான் அதற்கு ஏற்ற காலம். நீர்ப்பங்கீட்டைப் பார்க்க வேண்டியவருக்கோ ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் உள்ளது போன்ற ஈராண்டுப் படிப்பே வேண்டும். இடையில் வரும் அக்டோபரை அவர் களத்துக்கு ஒதுக்கலாம். எந்தத் தரவரிசைப் பட்டியலும் இந்த வேறுபாட்டைச் சொல்லாது. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் எப்போது இறங்குகிறது என்று தெரிந்த மாணவருக்கு இதை யாரும் சொல்லித்தரவும் வேண்டாம்.

நாட்டை முதலில் தீர்மானிப்பவர்களின் திட்டம் எவ்வளவு எளிதில் குலையும் என்பதை அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்திய மாணவர்கள் பெரிதும் நம்பியிருந்த விரைவு விசா வழியை மூடியது. பிரிட்டன் 2024 ஜனவரி முதல் பெரும்பாலான முதுகலை மாணவர்கள் குடும்பத்தாரை அழைத்துவருவதைத் தடுத்தது. ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்ற பேச்சும் முழு உண்மையல்ல. ஹைடல்பர்க் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இதோடு 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு ஏ.பி.எஸ். எனும் கல்விச்சான்று சரிபார்ப்புச் சான்றிதழ் கட்டாயம், ஓராண்டுச் செலவுக்கென முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும் என்ற விதி 2024 செப்டம்பரில் வந்தது. கனடாவின் கதவு மூடியதும், கனடா மட்டுமே திட்டமாக இருந்தவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கண்மாய்ச் சங்கிலியின் நீரோட்டம் திட்டமாக இருந்தவருக்கு டெல்ஃப்ட் மூடினால் டேராடூன், அதுவும் இல்லையென்றால் பேராதனை. முகவர்கள் நாட்டை முன்னிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆள் சேர்ப்பதற்குத் தரகுத்தொகை கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் சில நாடுகளில்தான் மிகுதி. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அந்த வணிகத்தில் இல்லை.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு வயிற்றுப்பாட்டிலிருந்து வரும். வீட்டை அடமானம் வைத்து அனுப்பும் குடும்பத்துக்குக் கண்மாயைப் பற்றிய கேள்வி ஆடம்பரம், ஜி.ஐ.எஸ். தெரிந்தால் எங்கும் வேலை என்பார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எங்கும் விலைபோகும் பொதுத்திறன் எல்லோரிடமும் இருப்பதாலேயே அதன் விலை இறங்குகிறது. உதவித்தொகை வழங்குவோரின் விதிகளும் வேறு திசையைக் காட்டுகின்றன. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கும் ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. வளர்ச்சிசார் முதுகலை உதவித்தொகைக்கும் ஏறத்தாழ இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு கடன் வாங்கிப் பறப்பவருக்கு இந்தக் கதவுகள் திறக்காது. மதுரையையே தலைமையிடமாகக் கொண்டு கண்மாய்ச் சீரமைப்பில் நெடுங்காலம் இயங்கும் தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகளில் இரண்டாண்டு வேலை செய்தவரோ தகுதியையும் கேள்வியையும் ஒருசேரப் பெறுகிறார். ஊரைவிட்டுப் போவதே நோக்கம் என்பவர்களும் உண்டு. அது நியாயமான ஆசை. அதற்குப் புவியியலைவிடக் குறுக்கான வழிகள் இருக்கின்றன.

இரண்டாவது மறுப்பு கூடுதல் கனமானது. உள்ளூர்க் கேள்வியைச் சுமந்துகொண்டு உலகத்தைப் பார்க்கப் போவது கிணற்றுத்தவளைத்தனம், இந்தியாவைப் படிக்க இந்தியாவே போதும் என்பது அது. ஒன்றிய அரசே இதை விதியாக்கியது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவி இல்லை என்று 2022இல் விலக்கு சேர்க்கப்பட்டது. இதன் விளைவை நம் கலுங்கில் வைத்துப் பார்க்கலாம். கற்களின் உயரத்தை அளப்பவருக்கு இந்த விலக்கு தடையாகாது. கற்களை அடைக்கும் உரிமை யாருக்கு என்று கேட்பவருக்குத் தடையாகும். கண்மாய் அதிகாரம் சாதியோடும் கோயில் முதல்மரியாதையோடும் பின்னியது என்பதை மோஸ் விரிவாக எழுதியிருக்கிறார். மடையருகே வேலை மட்டும் செய்து, பங்கீட்டில் வாய்திறக்க உரிமையில்லாமல் இருந்த குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்குத்தான் இரண்டாம் கேள்வி மிக அருகில் இருக்கிறது. அந்தக் கேள்வியை ஆக்ஸ்போர்டில் படித்த ஆங்கிலேயர் கேட்கலாம், அந்த மாணவர் கேட்கக் கூடாது என்றாகிறது. கிணற்றுத்தவளை என்ற குற்றச்சாட்டும் இங்கே நிற்காது. ஒரு கண்மாயை இலங்கைக் குளத் தொடரோடும் டச்சுக்காரரின் வடிகால் வாரியங்களோடும் ஒப்பிடப் புறப்படுபவர்தான் உலகத்தைப் பார்க்கிறார். எந்த ஊரிலும் கற்றுத்தரும் அதே மென்பொருளை வேறொரு ஊரில் கற்பவர் வகுப்பறையை மட்டும்தான் மாற்றுகிறார். அந்த விலக்கை அரசு நீக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வி உதவி வழங்கும் தமிழ்நாடு அரசு, தன் திட்டத்தில் அப்படியொரு தடைக்கு இடம் தராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப் போகும் மாணவர் நம் நிலத்தின் தரவை அயலாருக்குச் சுமந்துகொடுக்கும் கூலியாகிவிட மாட்டாரா என்ற ஐயமும் எழலாம். 2021 பிப்ரவரியின் புவித்தகவல் வழிகாட்டுதல்கள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்ற வரம்பைவிட நுட்பமான வரைபடத் தரவை உருவாக்குவதும் வைத்திருப்பதும் இந்திய நிறுவனங்களுக்கே உரியவை. அவை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும். கலுங்கில் சாண் கணக்கில் எடுக்கும் அளவு இந்த விதியின் கீழ் வந்துவிடும். எனவே வெளிநாட்டுத் துறையில் சேரும் மாணவர், மதுரையில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வமான ஒத்துழைப்பை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பேராசிரியர்கள் இதில் கைகொடுத்தால் தரவும் இங்கே தங்கும், மாணவரின் பெயரும் அதில் நிற்கும்.

இன்னொரு தடை எல்லாவற்றையும்விட எளிதானது, ஆனால் பெரும்பாலோர் இதில்தான் வழுக்குகிறார்கள். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பங்களிலும் உதவித்தொகைகளிலும் பெரும்பாலானவற்றுக்குக் கடைசித் தேதி அக்டோபர் முதல் ஜனவரி வரை விழுகிறது. மதுரையில் கலுங்கு பாயும் மாதங்களும் அவைதாம். மூன்றாமாண்டு மாணவர் அந்த மாதங்களில் சான்றிதழுக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் அலைவார். கண்மாய்க்குப் போக மாட்டார். ஆகவே களப்பணி இரண்டாம் ஆண்டின் வடகிழக்குப் பருவத்திலேயே முடிந்திருக்க வேண்டும். துறைகள் மூன்றாமாண்டில் வைத்திருக்கும் செயல்திட்ட ஆய்வை ஓராண்டு முன்னுக்கு நகர்த்தினால் இது நடக்கும். அப்படி முடிக்காத மாணவர் விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப்போடுவதே மேல்.