சட்டாம்பிள்ளையும் தொலைக்காட்சிப் பெட்டியும்

பழைய தென்னாற்காட்டுக் கிராமாந்தரங்களில் அட்சராப்பியாசம் என்பது விரலிலிருந்து தொடங்கிய வித்தை. திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் மணலில் ஓர் எழுத்தை வரைந்துவிட்டு அப்பால் போய்விட, பிள்ளை அதன்மேல் சுட்டுவிரலை ஓட்டி, வாய்விட்டுச் சொல்லி, பிழைத்தபோதெல்லாம் அருகிலிருந்த மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளையிடம் குட்டு வாங்கிக்கொண்டு மறுபடியும் எழுதும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் பாதிரியார் கைக்கொண்டு, பின்பு இங்கிலாந்திலும் பரப்பிய முறை, மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டை ஒட்டியதுதான். குட்டு ஒழிந்தது நல்லதே. ஆனால் கூடவே அந்தச் சட்டாம்பிள்ளையும் ஒழிந்துபோனதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அவன் இல்லாத இடத்துக்குப் பின்னாளில் வந்தது தொலைக்காட்சி. 1975 ஆகஸ்டு 1 அன்று, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே பாடம் போயிற்று. ஆந்திரமும் கர்நாடகமும் அதில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. அதே மாதம் 15ஆம் தேதி சென்னை நிலையம் தோன்றியதாயினும், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடியானவர் வீடுகளுக்குப் பெட்டி வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அதைக் கூரை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து வைத்தது. பெட்டி வந்ததே தவிர, அதனோடு படிப்பு வந்துவிடவில்லை: 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80 ஆக இருக்க, விழுப்புரம் மாவட்டத்தில் அது 72ஐக்கூட எட்டவில்லை.

2019 ஆகஸ்டு 26 அன்று, பள்ளிக் கல்வித் துறையின் சொந்த அலைவரிசையாகக் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. மறு ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டபோது, உபரிச் சாதனமாக இருந்த அதுவே பல வீடுகளில் பள்ளிக்கூடமாகிவிட்டது. பாடநூலும் பலகையும் எட்டாத குடிசைக்குள் ஆசிரியரின் குரலையாவது சேர்ப்பித்தது சாமானியமான உபகாரமன்று. ஆயினும் திண்டிவனம் பக்கத்து வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். தாய் மல்லாட்டை பறிக்கப் போயிருக்கிறாள்; எழுத்தறியாத ஆயா வாசற்படியில் முறம் புடைத்துக்கொண்டிருக்கிறாள்; திரையில் ஆசிரியை 'மழை' என்று எழுதிக் காட்ட, பிள்ளை உரத்த குரலில் 'மளை' என்கிறது. ஆசிரியை முகமலர்ந்து அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறாள். அவள்மேல் குற்றமில்லை; பெட்டிக்கு வாய் உண்டு, செவி இல்லை. பாடத்தின் நடுவே மின்சாரம் போனால் அந்த வாயும் மூடிக்கொள்ளும்.

எழுத்து என்பது ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டுத் திருத்துகிற விவகாரம் என்பது என் எண்ணம். கேட்பவர் படித்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. "இன்னொரு தடவை சொல்லு, பார்ப்போம்" என்று ஆயா முறத்தைக் கீழே வைத்தாலே பாதிப் பாடம் நிலைத்துவிடும்.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடியும் திறப்பதற்கு ஐந்து நாள் முன்னதாக, 2021 அக்டோபர் 27 அன்று, உப்பளங்களுக்குப் பேர்போன மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாலையில் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை. இடம், தெருவிலே கிடைத்த திண்ணையோ கோயில் மண்டபமோ. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சட்டாம்பிள்ளை, பிரம்பைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவாகத் திரும்பி வந்திருந்தார். "மளை இல்லடா, மழை. நாக்க நல்லா மேல மடிச்சிச் சொல்லு" என்று அவர் தம் நாக்கையே மடித்துக் காட்ட, இருபது வாய்களும் அவரைப் பார்த்து ஒருசேரத் திறந்தன.