காட்டுப்பன்றி: மதுரைச் சமவெளி

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அந்நிய ஊடுருவியாகக் கருதப்படும் காட்டுப்பன்றி, மதுரைப் பகுதிக்கு மண்ணின் விலங்கே. இங்கே அந்நியம், அதற்கு மறைவிடம் தரும் சீமைக் கருவேலம்தான். அழகர்மலை, சிறுமலைக் காடுகளுக்கு வெகு தொலைவிலும் பன்றி தங்குவதற்கு, வறண்ட கண்மாய்களில் மண்டிய அப்புதர் பெருங்காரணம்: பகலெல்லாம் அதில் படுக்கை, இருட்டியதும் மக்காச்சோளமும் நிலக்கடலையும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் திரியும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025-இல் அறிவித்தது. 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விடவேண்டும். பன்றித் தொல்லை தீர அதன் மறைவிடமான புதரை அகற்ற வேண்டும்; ஆனால் அதை வெட்டி முடிக்கும்வரை வெள்ளாமை தாங்குமா என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. ஆகவே சுடுவதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டி போடும் இனத்தில், மறைவிடம் இருக்கும்வரை, சுட்ட இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். கள்ளத்தனமாகப் போடும் மின்வேலியோ மனிதரையும் கொல்கிறது. கருவேலத்தை அகற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் இட்ட உத்தரவு நீர்நிலைகளை மனத்தில் கொண்டது. பன்றித் தொல்லைக்கும் அந்த வேலையே முதலில் நடக்க வேண்டும்.